மாமியின் குளியலறை

இந்தச் சஞ்சிகையில் ஊரைப் பற்றி எழுதுகிறார்கள், பிள்ளைகளின் தமிழைப் பற்றி எழுதுகிறார்கள், கோயில் திருவிழாவைப் பற்றி எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது ஒரு குளியலறையையும் கக்கூசையும் பற்றி. வாசிக்கிறவர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். வயதுபோனவர்கள் உள்ள வீடுகளில் இது பெரிய விஷயம். ஆனால் ஒருவரும் வாய்விட்டுக் கதைப்பதில்லை. நான் ஓ.எல். எடுக்காமலே படிப்பை விட்டவன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது ரெய்னர்ஸ் லேனில். 1930களில் ரெயில் பாதையை அண்டிய வயல்வெளியெல்லாம் வீடுகளாக மாறியபோது எழுந்த இடம் இது. நாஷ் என்ற கட்டடக்காரர் வரிசை வரிசையாகக் கட்டி விற்றாராம். எங்கள் வீடும் அந்தக் காலத்துக் கட்டடம்தான். மேலே ஒரு குடும்பம், கீழே நாங்கள். மாமாவும் மாமியும் 1997இல் லீசுக்கு வாங்கிய வீடு. மாமா இப்போது இல்லை. நான் 2011இல் வன்னியிலிருந்து வந்து, அகதி அந்தஸ்துக் கிடைத்து, பிறகு கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த மருமகன். பார்க் றோயல் பக்கம் ஒரு சாப்பாட்டுப் பக்டரியில் இரவு வேலை. காலையில் பிக்கடிலி ரெயினில் வந்து இறங்கினால் மனைவி வேலைக்குப் போக ஆயத்தமாக நிற்பார். பகலில் வீட்டில் நானும் மாமியும்தான்.

2023 தை மாதம் மாமிக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்து, மெல்ல மெல்ல நடக்கும் அளவுக்கு வந்து வீடு திரும்பினார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் குளியலறை எப்படிப்பட்ட இடம் என்று எங்களுக்குக் கண் தெரிந்தது.

பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான அமைப்பாக இருக்கும். கக்கூஸ் தனி, குளிக்கும் அறை தனி, நடுவில் ஒரு சுவர். கக்கூஸ் என்பது கையை இரண்டு பக்கமும் விரித்தால் சுவர் முட்டும் அளவு இடைவெளி. கதவு உள்பக்கம் திறக்கும். குளிக்கும் அறையில் சுவரோடு சுவராக நீளப் பாத் ரப், அதன் விளிம்பு முழங்காலுக்கு மேலே. கிணற்றடியில் துலாக் கயிற்றைப் பிடித்து முப்பது வாளி அள்ளி முழுகின மனுசி, அந்த விளிம்பைத் தாண்ட முடியாமல் ஒரு வாளியும் ஸ்ரூலும் வைத்து, மகள் ஊத்திவிட, கிழமைக்கு இரண்டு நாள் உடம்பு கழுவினார்.

குளிப்பைக்கூட மகள் வந்து பார்க்கலாம். மற்றதுதான் பிரச்சினை. பகலில் வீட்டில் இருப்பது மருமகன். எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மாமி என்னை எழுப்பமாட்டார், கூப்பிடமாட்டார். மாமி காலையில் தேத்தண்ணி குடிப்பதை நிறுத்திவிட்டார். மத்தியானமும் தண்ணீர் ஒரு மிடறுதான். "வேண்டாம் தம்பி, வயிறு பொருமல்" என்பார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒருநாள் சட்டென்று விளங்கியது. ஏனென்றால் இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் நாங்கள் இருந்தபோது என் அம்மாவும் பக்கத்துக் கூடாரத்து வயதுபோன அம்மாமாரும் பின்னேரம் ஆனால் வாயில் தண்ணீர் வைக்கமாட்டார்கள். இருட்டில் கக்கூஸ் வரிசைக்குப் போகப் பயம், வெட்கம். லண்டனில், சொந்த வீட்டில், என் மாமி அதையே செய்துகொண்டிருந்தார்.

சித்திரை மாதம் ஒருநாள் பகல் பதினொரு மணியிருக்கும். நான் முன்னறையில் நல்ல நித்திரை. ஏதோ விழுந்த சத்தம். ஓடிப்போனால் கக்கூஸ் கதவு சாத்தியிருக்கிறது, தள்ளினால் நாலு விரல் இடைவெளிக்கு மேல் போகவில்லை. மாமி உள்ளே கதவோடு சாய்ந்து விழுந்து கிடக்கிறார். நான் தள்ளினால் அவரைத்தான் தள்ளுகிறேன். உள்ளிருந்து அவர் சொன்னது என்ன தெரியுமா? "தூக்குங்கோ" என்றல்ல. "தம்பி, வராதேங்கோ, உடுப்பு சரியில்லை" என்று. நான் ஒரு சேலையை எடுத்து அந்த இடைவெளியால் உள்ளே போட்டுவிட்டு, ஆம்புலன்சுக்கு அடித்துவிட்டு, கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்து அவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வந்து மெல்ல மெல்லக் கதவை நகர்த்தி எடுத்தார்கள். நல்லகாலம், எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு எனக்குப் பகலில் நித்திரை வருவது நின்றுவிட்டது.

இனி நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணை, பிளம்பிங் வேலை தெரிந்தவர், நல்ல மனிதர். "உதுக்கேன் கவுன்சிலும் போர்மும்? ரெண்டு சனிக்கிழமை தாரும். பாத்தைக் கழட்டி எறிஞ்சு, கொமோட்டை அந்த மூலைக்கு மாத்தி, இதிலை ஷவர் வைச்சுத் தாறன்" என்றார். எனக்கும் சந்தோசம். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் தொடங்கிவிட்டோம். சுவரில் ஒரு வரிசை ரைல் தட்டி எடுத்தாயிற்று. பாத் ரப்பின் பக்கத்தை மூடியிருந்த சாம்பல் நிறப் பலகையின் ஒரு மூலையை நெம்பியும் ஆயிற்று. அண்ணை சுத்தியலைக் கையில் எடுத்தபோது எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, மிச்சம் நாளைக்கு என்று விட்டோம்.

அன்றிரவு பக்டரியில் சாப்பாட்டு நேரத்தில் என்னோடு வேலை செய்யும் ஒரு சோமாலியருக்கு இதைச் சொன்னேன். அவருடைய மகன் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை. அவர் பாணைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "கவுன்சில் சம்மதம் தந்துவிட்டதா?" இல்லை என்றேன். "அப்படியென்றால் இன்னொரு ரைலையும் தொடாதே" என்றார்.

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் வலுவிழந்தவர்கள் இருக்கும் வீட்டை மாற்றுவதற்கு டிசேபிள்ட் ஃபசிலிற்றீஸ் கிராண்ட் என்று ஒரு மானியம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில்கள் கொடுப்பது. உச்சத் தொகை 30,000 பவுண். சொந்த வீட்டுக்காரர் மட்டுமல்ல, வாடகைக்கு இருப்பவரும் கேட்கலாம். பெரியவர்களுக்கு வருமானமும் சேமிப்பும் பார்ப்பார்கள், பிள்ளைகளுக்காகக் கேட்டால் தாய் தகப்பனின் வருமானம் பார்ப்பதில்லை. ஆனால் முடித்துவிட்ட வேலைக்கு இந்தக் காசு கிடையாது. சம்மதம் கிடைக்குமுன் தொடங்கிவிட்ட வேலையென்றால் தகுந்த காரணம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மறுத்துவிடலாம். நாங்கள் ஒரு வரிசை ரைலோடு தப்பினோம். அண்ணைக்கு ரெலிபோனில் சொன்னபோது கொஞ்சம் கோபம். "உமக்கு வெள்ளைக்காரன்ரை கடதாசியிலைதான் நம்பிக்கை" என்றார். பிறகு சமாதானம் ஆகிவிட்டோம்.

மனைவி கவுன்சிலுக்கு அடித்துப் பெயர் கொடுத்தார். முதலில் வருபவர் ஒக்குபேஷனல் தெரபிஸ்ட், சுருக்கமாக ஓ.ரீ. என்பார்கள். அவர் வந்து ஆளையும் வீட்டையும் பார்த்து, என்ன தேவை என்று எழுதினால்தான் மற்றது நகரும். புதிதாக வந்தவர்கள் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். கவுன்சில் ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்த ஆறு மாதம் முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான், நீங்கள் முதன்முதல் ரெலிபோன் எடுத்த நாளிலிருந்து அல்ல. ஓ.ரீ. வரும்வரை காத்திருந்ததை நாங்களும் அந்தக் கணக்கில் சேர்த்து ஏமாந்தோம். காத்திருக்கும் காலத்தில் கைபிடி, கதிரைக் கொமோட் போன்ற சின்னச் சாமான்களைக் கேட்டு வாங்கலாம். 1,000 பவுணுக்கு உட்பட்ட சிறு மாற்றங்களுக்குக் காசு இல்லை. கதிரைக் கொமோட்டை மாமியின் அறையில் வைத்தோம். அதைக் கழுவ நான் எடுத்தால் மாமி அழுவார். ஆகவே மனைவி வரும்வரை அது துணி போர்த்தபடி இருக்கும்.

ஓ.ரீ. வந்த நாளை மறக்க முடியாது. மாமி காலையிலேயே எழும்பி, மகளைக் கொண்டு நல்ல சேலை உடுத்து, விபூதி பூசி, கதிரையில் நிமிர்ந்து இருக்கிறார். மேசையில் பிஸ்கற். அந்தப் பெண் கேட்கிறார், குளிக்க முடியுமா, தனியாகக் கக்கூசுக்குப் போக முடியுமா என்று. மாமி எல்லாவற்றுக்கும் "ஓம் ஓம், செய்வன்" என்கிறார். வீட்டுக்கு வந்த உத்தியோகத்தர் முன்னால் மானம் போகக்கூடாது அல்லவா? மனைவியும் அதை அப்படியே மொழிபெயர்க்கிறார். இப்படியே போனால் இந்த அம்மாவுக்கு ஒன்றும் தேவையில்லை என்றுதான் எழுதுவார்கள். நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் வந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "மேடம், இவர் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்டார். நான் சொன்னேன். பிறகு வெளியே போய்விட்டேன். நான் நின்றால் மாமி வாய் திறக்கமாட்டார். அன்றைக்கு அவர்கள் மூன்று பேரும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். மாமி மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்கலாம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மகளும் மருமகனும் மொழிபெயர்க்கக் கூடாத விஷயங்கள் இருக்கின்றன.

அடுத்த முறை அவர் அளவு நாடாவோடு வந்தார். நான் ஒரு கேள்வி கேட்டேன். இந்த நாட்டுக் கட்டடச் சட்டத்தில் எம் பகுதி என்று ஒன்று இருக்கிறதே, வலுவிழந்தவர்களுக்கு வசதியாக வீடு கட்ட வேண்டும் என்று, அது எங்கள் வீட்டுக்கு இல்லையா என்று. அவர் சொன்னார், அது 1999இலிருந்து புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு வந்தது. பழைய வீட்டைத் திருத்தச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாது. திருத்தும்போது முன்பிருந்ததைவிட மோசமாக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தின் அளவுகளைப் பார்த்துக்கொள்வோம், ஆனால் முதலில் ஆளை அளப்போம் என்றார். சக்கர நாற்காலி திரும்ப 1,500 மில்லிமீற்றர் வட்டம் வேண்டும் என்கிறது புத்தகம். எங்கள் இரண்டு அறையையும் சேர்த்தாலும் அது மட்டுமட்டு. மாமி தடியோடு நடப்பவர், அவருக்கு அது தேவையில்லை. பொதுக் கட்டடங்களில் வலுவிழந்தோர் கழிவறையின் இருக்கை 480 மில்லிமீற்றர் உயரம். அண்ணையும் அந்த உயரக் கொமோட்டைத்தான் வாங்கச் சொன்னவர். ஓ.ரீ. மாமியைக் கதிரையில் இருத்தி, முழங்காலின் மடிப்பிலிருந்து நிலம்வரை அளந்தார். 38 சென்ரிமீற்றர்! மாமி குள்ளம். 48 சென்ரிமீற்றர் உயரத்தில் இருத்தினால் கால் நிலத்தில் படாது. பாரிசவாதக்காரர் கால் ஊன்றாமல் இருந்தால் சரிந்து விழுவார். சாதாரண உயரமே போதும், எழும்புவதற்குப் பிடி வைப்போம் என்றார்.

அந்தப் பிடி எந்தப் பக்கம்? கொமோட்டின் வலப்பக்கத்தில் சுவர் இருக்கிறது, அங்கே பூட்டுவதுதான் சுகம், அண்ணையும் அதைத்தான் நினைத்தார். ஆனால் மாமியின் வலது கை வேலை செய்யாது. சுவர் இருக்கும் பக்கமல்ல, கை இருக்கும் பக்கம்தான் பிடி வேண்டும். இடப்பக்கத்தில் இருந்தது நடுச்சுவர். அது போனால் பிடி எங்கே பூட்டுவது? பின்சுவரில் பூட்டி, மேலே மடித்துவிடக்கூடிய பிடி இருக்கிறதாம். அதை வைத்தோம்.

கொமோட்டை மற்ற மூலைக்கு மாற்றும் யோசனை முதல் நாளே செத்துவிட்டது. அதன் கழிவுக் குழாய் நாலு இஞ்சிக் குழாய், வெளிச்சுவரில் மேல்வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவாக இறங்குவது. அதிலிருந்து தள்ளத் தள்ளக் குழாய்க்குச் சாய்வு வேண்டும், மீற்றருக்குக் குறைந்தது 18 மில்லிமீற்றர். இடம் மாற்றினால் கட்டடப் பரிசோதகருக்கும் அறிவிக்க வேண்டும். ஆகவே கொமோட் அசையாமல் இருந்தது, மற்றதெல்லாம் அதைச் சுற்றி அசைந்தன. நடுச்சுவர் மேல்வீட்டைத் தாங்கும் சுவரல்ல என்று பார்த்து உறுதிசெய்த பிறகு அதை எடுத்தார்கள். பாத் ரப் போனது. ஷவரை நான் யன்னல் பக்கம் கேட்டேன். ஆனால் தரைக்குக் கீழே மரச்சட்டங்கள் ஓடுகின்றன, ஷவரின் தண்ணீர்க் குழாய் அவற்றுக்குச் சமாந்தரமாகத்தான் போக முடியும். குறுக்கே போனால் சட்டத்தை வெட்ட வேண்டும், சட்டத்தின் மேல்விளிம்பில் எட்டிலொரு பங்கு ஆழத்துக்கு மேல் வெட்டவே கூடாதாம். ஆகவே சட்டம் போன வழியில் ஷவர் வந்தது. அண்ணை அன்றைக்கு என்ன செய்திருப்பார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

கைகழுவும் பேசின் எங்கே வைப்பது என்பதில்தான் மாமி முதன்முதலாகத் தானாக வாய் திறந்தார். எங்கள் ஆட்களுக்குக் கடதாசி போதாது, தண்ணீர் வேண்டும். ஒற்றைக் கையால் செம்பை நிரப்பிப் பிடிக்க முடியாது. கொமோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கைஷவர் பூட்டலாமா என்று கேட்டோம். வேலைக்கு வந்த பிளம்பர் நேரடியாகப் பூட்ட மறுத்துவிட்டார். அது கொமோட்டுக்குள் எட்டும் குழாய், அழுக்குத் தண்ணீர் குடிதண்ணீர்க் குழாய்க்குள் திரும்பி உறிஞ்சப்படலாம், 1999ஆம் ஆண்டுத் தண்ணீர் விதிகளில் அது மிக ஆபத்தான வகுப்பு, தனித் தொட்டி வைத்துத்தான் செய்யலாம் என்றார். எங்கள் வீடுகள் பலவற்றில் கடையில் வாங்கி அப்படியே பூட்டியிருக்கிறோம், கவனியுங்கள். கடைசியில் பேசினை இருந்தபடியே இடது கை எட்டும் தூரத்தில், கால்தூண் இல்லாமல் சுவரில் தொங்கவிட்டார்கள். நீளக் கைபிடி வைத்த குழாய், அதன் கீழே தட்டில் பிளாஸ்ரிக் செம்பு, அரைவாசி நிரப்பினால் பாரமில்லை. மாமி இதைச் சொல்ல எத்தனை மாதம் எடுத்தது!

கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாறியது. யார் விழுந்தாலும் இனி கதவு அடைபடாது. பிடிகள் பூட்டும் இடங்களில் பழைய சாந்துச் சுவருக்குப் பின்னால் பிளைவூட் வைத்தார்கள். நாங்கள் அன்று நெம்பிய சாம்பல் பலகையைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அஸ்பெஸ்ரஸ் இருந்தது. பிரித்தானியாவில் அது முழுதாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான், அதற்கு முந்திய வீடுகளில் எங்கும் இருக்கலாம். சுத்தியலை எடுத்த அண்ணையின் கையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசும். அடுத்த அறையில் என் மகள் படித்துக்கொண்டிருந்தாள்.

கடதாசி வேலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் வீடு லீஸ் என்பதால் நிலச் சொந்தக்காரரின் எழுத்துச் சம்மதம் வேண்டியிருந்தது. லீசில் சம்மதத்தோடு மாற்றலாம் என்று இருந்தால், வலுவிழந்தவருக்காகக் கேட்பதை நியாயமில்லாமல் மறுக்கக் கூடாது என்று 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் சொல்கிறது. மானியம் 5,000 பவுணுக்கு மேல் போனால், பத்து வருடத்துக்குள் வீட்டை விற்கும்போது மேலதிகத்தில் 10,000 பவுண் வரை திருப்பிக் கேட்கக் கவுன்சிலுக்கு உரிமையுண்டு, அதை வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். மானியம் கிடைக்காமல் சொந்தக் காசில் செய்கிறவர்களும், வலுவிழந்தவருக்காகக் குளியலறையை மாற்றும் வேலைக்கு வற் வரி இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், வேலை தொடங்குமுன் கட்டடக்காரரிடம் சொல்ல வேண்டும். விசாவில் பொது உதவி எடுக்கக் கூடாது என்று எழுதியிருப்பவர்கள், முதலில் சட்டத்தரணியிடமோ சிற்றிசன்ஸ் அட்வைசிலோ கேட்காமல் எந்தப் போர்மும் நிரப்ப வேண்டாம்.

வேலை ஒன்பது நாள் நடந்தது, 2024 வைகாசியில். மாமி அந்த நாட்களில் வெம்பிளியில் சின்ன மகளோடு இருந்தார். கழற்றிய பாத் ரப்பை அண்ணை வானில் ஏற்றிக் கொண்டுபோய்த் தன் பின்வளவில் மண் நிரப்பிக் கீரை போட்டிருக்கிறார். நல்லாக வருகிறது, எங்களுக்கும் ஒரு பிடி வரும்.

மாமி திரும்பி வந்த அன்று, எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனார். மடிப்பு ஆசனத்தில் இருந்து, ஒற்றைக் கையால் ஷவரைத் திறந்து, கனநேரம் முழுகினார். தண்ணீர் போகும் சத்தம் நிற்கவேயில்லை. மனைவி இரண்டு முறை கதவில் தட்டினார். "ஏனடி அவசரப்படுத்திறாய்?" என்று உள்ளிருந்து பதில் வந்தது. குறையும் இருக்கிறது. தரைச் சாய்வு ஒரு மூலையில் போதாது, தண்ணீர் கொஞ்சம் தேங்கி நிற்கிறது, நான் தும்புத்தடியால் தள்ளிவிடுகிறேன்.

இப்போது பகல் பதினொரு மணிக்கு, நான் நித்திரையால் எழும்பும் நேரம் பார்த்து, மாமி குசினி வாசலில் வந்து நிற்பார். "தம்பி, தேத்தண்ணி ஊத்தினால் எனக்கும் ஒண்டு. பெரிய கோப்பையிலை."

கதவுக்கு ஒரு புதுப் பூட்டும் போட்டிருக்கிறார்கள். அவசரத்துக்கு வெளியிலிருந்து ஒரு சில்லறைக் காசால் திருகித் திறக்கலாம். அதைச் செய்துகாட்டியபோது மாமி கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்காரர் போன பிறகு மகளை மட்டும் கூப்பிட்டு, "உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றாராம்.